மழை விட்ட மறுநாள் மனை பார்க்கப் போங்கள்

மதுரையில் வீடு கட்ட இடம் தேடி நானும் என் மனைவியும் இரண்டரை வருடம் அலைந்தோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் அறுபதாயிரம். பொன்மேனியில் வாடகை வீடு. ஊருக்குள் சென்ட் விலையைக் கேட்டாலே மலைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை, சமயநல்லூர், திருமங்கலம் ரோடு என்று கிளம்பிவிடுவோம். "எய்ம்ஸ் வருது, மெட்ரோ வருது, அடுத்த வருசம் இந்த ரேட்டுக்குக் கிடைக்காது சார்" என்பார்கள் போகிற இடமெல்லாம்.

ஒரு சித்திரை மாதம் கருப்பாயூரணி தாண்டி ஒரு லே-அவுட்டைப் பார்த்தோம். சிவப்புச் சரளை பரப்பி, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக ஊன்றியிருந்தார்கள். அங்கீகாரமும் இருந்தது. சென்ட் நான்கு லட்சம். பக்கத்து மனைகளைவிட ஒரு லட்சம் குறைவு. அட்வான்ஸ் பணம் மனைவியின் கைப்பையில் இருந்தது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "இதுலயா தம்பி வீடு கட்டப் போறீக? போன வருசம் வரைக்கும் நாத்து நட்ட வயலு இது. கம்மா மறுகா பாஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் இறங்கும்" என்றார். கையிலிருந்த கம்பால் சரளையைக் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் கறுப்பாகக் களிமண்.

அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டோம். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் மறுபடி போனோம். மஞ்சள் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. மூலை மனையில் கொக்கு நின்றது. அங்கே அதற்குள் வீடு கட்டத் தொடங்கியிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளத்தை மேடாக்க மண் அடித்ததிலும், களிமண்ணுக்காகப் பில்லரை ஆழமாக இறக்கியதிலும் மட்டும் மூன்றரை லட்சம் கூடுதலாகப் போனதாம். மூன்று சென்ட் மனையில் அவருக்கு மிச்சமானது மூன்று லட்சம். அது அஸ்திவாரத்துக்கே போதவில்லை.

மதுரை கண்மாய்களால் ஆன ஊர். வண்டியூர், மாடக்குளம், செல்லூர் என்று ஒன்றின் உபரி நீர் இன்னொன்றுக்கோ வைகைக்கோ போகும்படி முன்னோர் அமைத்த ஏற்பாடு இது. அந்த வழியில் வீடுகள் வந்துவிட்டன. உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் ஒரே நாள் மழைக்குச் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்கு மறந்திருக்காது. அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் நனைந்துபோய் நின்றவர்கள் எல்லாம் என்னைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டியவர்கள்தான்.

அதனால் சொல்கிறேன், விலை பேசும் முன் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஒட்டியிருக்கிற எண்களில் வாய்க்கால், ஓடை, நீர்ப்பிடிப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். மனை விற்கிறவர் காட்டும் வண்ணப் படத்தில் அது இருக்காது.

காகிதத்தில் ஏமாந்த கதை என் அக்காவுடையது. 2011இல் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்ன மனையை நம்பி வாங்கினார். லே-அவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது, நகர் ஊரமைப்பு அங்கீகாரம் வேண்டும் என்று அப்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் விற்பதாக இருந்தார். முடியாமல் போய் நகையை அடகு வைத்தார். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிந்த மனைகளுக்காக 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டித்தான் அந்த மனை உயிர் பெற்றது. இப்போது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் கட்டாயம். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போடுங்கள். பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய் விசாரியுங்கள்.

பண விஷயத்தில் எங்களைத் திணறடித்தது கையிருப்பு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; இதற்கு வங்கிக் கடனை நம்ப முடியாது. நாங்கள் வாங்கிய கடன் இருபது லட்சம். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதம் 17,356 ரூபாய். கூட்டினால் நாற்பத்தொன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் வேறு எங்கும் கான்கிரீட் வீடு இல்லை என்றால், பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் 1.80 லட்சம் வரை ஐந்து தவணையாகக் கிடைக்க வழி உண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே வங்கியில் இதைக் கேளுங்கள்; அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

எல்லீஸ் நகரிலும் வில்லாபுரத்திலும் வீட்டுவசதி வாரியம் கட்டிய வீடுகளில்தான் போன தலைமுறையின் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் குடியேறினார்கள். அந்த வேகம் பிறகு இல்லை. தோப்பூர்–உச்சப்பட்டி துணைக்கோள் நகரத்தை 2013இல் அறிவித்தார்கள். அங்கே பேருந்தும் குடிநீரும் முதலில் வந்திருந்தால் எங்களைப் போன்றவர்கள் புரோக்கர் பின்னால் சுற்றியிருக்க மாட்டோம். அரசு மனை பிரிக்கிற இடத்தில் குழாயையும் பஸ்ஸையும் கொண்டுவந்துவிட்டு விற்கட்டும். நடுத்தரக் குடும்பம் வேறெதுவும் கேட்கவில்லை.

கடைசியில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலத்தில் இரண்டரை சென்ட் வாங்கினோம். சென்டுக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்தோம், அரை சென்ட் குறைத்துக்கொண்டோம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் கட்டட அனுமதிக்கு அலைச்சல் இல்லை. எழுநூற்றைம்பது சதுர அடி, பின்னால் மாடி எடுக்கத் தோதாகப் பில்லர். போன ஐப்பசி மழையில் வாசல்படி வரைகூடத் தண்ணீர் வரவில்லை.