பின்னைக் கடைந்தால் எந்த ராடும் பொருந்துமா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் ஜீப்பின் கனெக்டிங் ராட் உடைந்தால், ஆளும் சரக்கும் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் இன்ஜினைத் திணறவிட்டு ஓட்டினால், முதலில் அடிவாங்குவது ராடின் கீழ்முனையில், கிராங்க் பின்னைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங். அது போனதும், "ஏதாவது ஒரு ராட் கிடைக்கட்டும், கிராங்கைக் கடைந்து போட்டுக்கலாம்" என்பார்கள்.

நம்பிக்கை: கிராங்க் பின்னின் விட்டம் ஒத்துவந்தால் ராடும் பொருந்திவிடும்.
உண்மை: ராடின் நீளம், பிக் எண்டின் அகலம், எடை ஆகியவையும் ஒத்துவர வேண்டும். நீளம் 1 மி.மீ. கூடினாலே பிஸ்டன் 1 மி.மீ. மேலேறும், டீசல் இன்ஜினில் அது ஹெட்டை இடிக்க அவ்வளவே போதும். எடை மாறினால் அதிர்வு கூடும்.

நம்பிக்கை: பின்னை எவ்வளவு வேண்டுமானாலும் கடையலாம்.
உண்மை: பேரிங் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. அண்டர்சைஸ்களில்தான் கிடைக்கும். ஆழமாகக் கடைந்தால் கடினப்படுத்திய மேல்தோல் போய்விடும். பின் பக்கச்சுவரோடு சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும். அதைக் கூராக வெட்டிவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அமெரிக்காவில் செவ்ரோலெட் பந்தய இன்ஜின்களில் 53 மி.மீ. பின்னுக்குப் பதில் ஏறக்குறைய 48 மி.மீ. பின் வைத்து, ஹோண்டா அளவு ராட் பூட்டுவதுண்டு. ஆனால் அந்தக் கிராங்க் பந்தயத்துக்கென்றே செய்தது. ராடும் பிஸ்டனும் அதற்கேற்பத் தேர்ந்தெடுத்தவை.

நம்பிக்கை: பேரிங் லூசாக இருந்தால் ராடின் கேப்பை ராவி இறுக்கினால் போதும்.
உண்மை: ராவினால் வட்டத் துளை முட்டை வடிவாகிவிடும். 50 மி.மீ. பின்னுக்குச் சுமார் 0.05 மி.மீ. இடைவெளி வேண்டும். அதில் நிற்கும் ஆயில் படலம்தான் சுமையைத் தாங்குகிறது. அந்த இடம் இல்லையென்றால் பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும்.

நம்பிக்கை: புல்லட் கிராங்குக்கும் இதே வேலைதான்.
உண்மை: பழைய புல்லட் 350-இன் கிராங்க் ஒரே துண்டல்ல, இரண்டு ஃப்ளைவீல்களை ஒரு பின் இணைக்கிறது. பிரித்து, பின்னை மாற்றி, மறுபடி பூட்டி ட்ரூ பார்க்க வேண்டும்.

கிரைண்டிங்குக்கு முன் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். பின்னை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து, அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ராடையும் பேரிங்கையும் முதலில் வாங்கி, கிராங்கோடு சேர்த்தே கடையில் கொடுங்கள். மலையேறும் ஜீப்பில் பத்துப் பேரின் உயிர் இருக்கிறது. அந்த வேலையைக் கண்மதிப்பில் முடிக்கக் கூடாது.