உறவினருக்காக வாங்கும் பழைய வாகனம்: வரியும் காப்புறுதியும் யார் பெயரில்?

ஊர் திரும்பி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து முடிந்த சில மாதங்களில் பல குடும்பங்களுக்கு இப்படியொரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அழைப்பவர் உங்கள் சித்தியின் மருமகனாகவோ, மச்சானின் ஒன்றுவிட்ட அண்ணனாகவோ இருக்கலாம். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பார். "நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணியில் வருவம். ஒரு பழைய வான் பார்த்து வாங்கி விடுங்கோ, காசு அனுப்புறன். நாங்கள் வராத நாளில் நீங்களே ஓடிப் பிழையுங்கோ" என்பார்.

இது நல்ல உதவிதான். வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை. ஆனால் காசு யாருடையது, வாகனம் யாருக்காக என்பவை உங்கள் இரு குடும்பங்களுக்குள் இருக்கும் விடயங்கள். சட்டம் பார்ப்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரை. வரி கட்டாவிட்டால் கேட்பது அந்தப் பெயரை. வாகனம் ஒருவரை இடித்துவிட்டால் வழக்கு தேடி வருவதும் அந்தப் பெயரைத்தான். ஆகவே வானின் விலையைப் பேசுவதற்கு முன் பெயரைப் பேசுங்கள்.

யார் பெயரில் எடுப்பது?

வழக்கமாக, ஊரில் இருப்பவரின் பெயரில் எடுப்பதே இலகு என்று முடிவாகும். அடையாள அட்டை கையில் இருக்கும், கையொப்பம் வைக்க ஆள் இருக்கும். அப்படிச் செய்தால் அந்த வான் சட்டப்படி உங்கள் சொத்து. வீட்டுத்திட்டத்துக்கோ வேறு உதவிக்கோ விண்ணப்பிக்கும்போது சொத்து விபரம் கேட்கும் படிவங்கள் வரும். அங்கே வானையும் எழுத வேண்டும். "அது எங்கட இல்லை, கனடாக்காரருடையது" என்று கிராம அலுவலருக்கு வாயால் சொல்லலாம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கூரைத்தகடும் கல்வீடும் எதிர்பார்த்திருக்கும் குடும்பம் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

உறவினர் தன் பெயரிலேயே எடுக்க விரும்பினால், இங்கே அவருக்காகக் கையொப்பமிட உங்களுக்கு அற்றோர்ணித் தத்துவம் தேவைப்படும். அவர் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக அதை உறுதிப்படுத்தி அனுப்பலாம். எந்தெந்த வேலைகளைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கட்டும்: வாகனம் வாங்குதல், வரிப்பத்திரம் எடுத்தல், காப்புறுதி செய்தல், விற்றல். காணிக்காக முன்பு எழுதிய பழைய தத்துவத்தை வாகனத்துக்குக் காட்டிப் பயனில்லை.

எங்கள் அபிப்பிராயம்: வான் ஆண்டு முழுவதும் உங்கள் முற்றத்தில் நின்று, நீங்களே ஓடப்போகிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் இருப்பதே ஒழுங்கு. திருவிழாக் காலத்தில் மட்டும் வெளியே எடுத்து மிச்ச நாளெல்லாம் மூடி வைப்பதென்றால் அவர் பெயரில் இருக்கட்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, பதிவேட்டில் உள்ள விபரத்தின் பிரதியைப் பெறலாம். விற்பவர் காட்டும் புத்தகமும் அந்தப் பிரதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் அதில் இருந்தால் கடன் முடியவில்லை, அல்லது கடன் முடிந்தும் விடுவிப்பு எடுக்கவில்லை என்பது பொருள். கம்பனியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

பின்பு சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கண்ணால் பார்த்து ஒப்பிடுங்கள். எங்கள் பகுதியில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. எரிபொருளும் உதிரிப்பாகமும் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய மண் இது. ஒரு வாகனத்தின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டி ஓட்டிய கெட்டித்தனத்தால் எத்தனையோ நோயாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அப்படி மாற்றிய எஞ்சினின் இலக்கம் பதிவேட்டில் ஏறாமலே பல வாகனங்கள் இன்றும் கைமாறுகின்றன. உரிமை மாற்றத்திலும் காப்புறுதிக் கோரிக்கையிலும் அது வந்து தடுக்கும். எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்து தரும்படி விற்பவரிடமே கேளுங்கள்; வாங்கிய பின் அந்த அலைச்சல் உங்களுடையது.

"ஓபன் பேப்பர்" என்பது அடுத்த பொறி. பதிவு உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்திருப்பார். அது மூன்று நான்கு கை மாறி உங்களிடம் வரும். விலை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் கையொப்பம் வைத்தவரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கையொப்பம் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பினால் அவரை எங்கே போய்த் தேடுவது? இடம்பெயர்ந்தவர்களின் வாகனம் என்றால் அவர் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. பதிவு உரிமையாளரை நேரில் சந்தித்து, அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, உங்கள் முன்னால் கையொப்பம் வைக்கச் செய்யுங்கள்.

பதிவு உரிமையாளர் போரில் இறந்தவராகவோ காணாமற்போனவராகவோ இருக்கலாம். இறந்தவர் என்றால் மரணச் சான்றிதழும் உரித்தாளர்களின் ஆவணங்களும் தேவை. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆனால் அந்தப் பதிவைச் செய்ய மனம் ஒப்பாத குடும்பங்கள் பல. அவர்கள் இன்னும் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழைய வானுக்காக அந்தச் சான்றிதழை எடுக்கும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். வேறு வாகனம் பாருங்கள்.

14 நாட்கள்

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாகனம் கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவரும் 14 நாட்களுக்குள் தன் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் படிவம் எம்.ரீ.ஏ. 6, வாங்கியவரின் படிவம் எம்.ரீ.ஏ. 8. பிந்தினால் மேலதிகப் பணம் கட்ட வேண்டி வரும்.

தலைமை அலுவலகம் கொழும்பில், நாரஹேன்பிட்டியில் உள்ளது. ஏ9 பாதையில் ஓர் இரவுப் பயணம். ஒரு படிவம் குறைந்தால் திரும்பவும் இன்னோர் இரவு. ஆகவே பஸ் ஏறுமுன் மாவட்டச் செயலகத்தில் உள்ள திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எவை எவை வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் இரண்டு பிரதிகள் எடுத்து வையுங்கள். விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டை வாகனத்திலேயே வைத்திருங்கள்.

இலக்கத் தகட்டில் மாகாண எழுத்துகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். வட மாகாணத்துக்கு என்.பீ., கிழக்குக்கு ஈ.பீ., மேல் மாகாணத்துக்கு டபிள்யூ.பீ. வாகன வரி மாகாணங்களுக்குச் சேரும் பணம். கொழும்பில் வாங்கிய வானைக் கிளிநொச்சியில் வைத்து ஓடப்போகிறீர்கள் என்றால் உரிமை மாற்றத்தோடு மாகாண மாற்றத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

முதலில் காப்புறுதி, பிறகு வரி

பலர் வரிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகம் போய், காப்புறுதி இல்லை என்று திரும்பி வருகிறார்கள். காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வரிப்பத்திரம் கிடையாது.

சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. முதலாம் தரப்பு நீங்கள், இரண்டாம் தரப்பு காப்புறுதி நிறுவனம், மூன்றாம் தரப்பு வீதியில் உங்கள் வாகனத்தால் பாதிக்கப்படுபவர். அவருக்கு ஏற்படும் மரணம், காயம், சேதம் ஆகியவற்றுக்கே இந்தக் காப்புறுதி. உங்கள் வான் நொறுங்கினாலோ களவு போனாலோ மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் ஒரு சதமும் வராது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும். முழுக் காப்புறுதியின் கட்டணம் பல மடங்கு. பழைய வானுக்கு அது தேவையா என்பதை உறவினரோடு பேசித் தீர்மானியுங்கள். வானின் பெறுமதியை இழக்கப்போவது அவர்.

விற்றவரின் காப்புறுதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதிலேயே ஓடலாம் என்று சொல்வார்கள். ஓடாதீர்கள். காப்புறுதி என்பது நிறுவனத்துக்கும் அந்த மனிதருக்கும் இடையிலான ஒப்பந்தம். வாகனத்தோடு சேர்ந்து அது உங்களிடம் வந்துவிடுவதில்லை. உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டைக் காட்டி, புதிய உரிமையாளரின் பெயரில் கவர் நோட் ஒன்றையாவது எடுத்த பிறகே வானை வீதியில் இறக்குங்கள்.

காப்புறுதிப் படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை எழுதுங்கள். மிக முக்கியமானது: வாகனம் சொந்தப் பாவனைக்கா, வாடகைக்கா? சொந்தப் பாவனைக்கு என்று எழுதினால் கட்டணம் குறையும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி மாதக் காசு வாங்கினாலும், கலியாண வீட்டுக்கு ஆட்களை ஏற்றிக் காசு வாங்கினாலும் அது வாடகைதான். விபத்து நடந்தபின் நிறுவனத்தின் ஆள் வந்து ஊரில் விசாரிப்பார். ஊர் ஒளிக்காமல் சொல்லும். கோரிக்கை மறுக்கப்பட்டால் இழப்பீட்டை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். மீளக்குடியமர்ந்த குடும்பம் ஒன்றுக்கு அந்தத் தொகை என்னவாகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

உறவினர் வந்து தானே ஓட விரும்பினால், அவருடைய வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது. இலங்கையில் செல்லுபடியாகும் அங்கீகாரத்தையோ தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரத்தையோ வந்தவுடன் பெற வேண்டும். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓடும்போது காப்புறுதி கைகொடுக்காது. அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவர் விமானம் ஏறுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் சங்கடம் குறைவு.

விபத்து நடந்தால் காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பொலிசுக்கு அறிவியுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த இடத்தில் நின்றே அழையுங்கள்.

வரிப்பத்திரம்

வாகன வருமான அனுமதிப்பத்திரம் என்பது இதன் முழுப் பெயர். பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பழைய வரிப்பத்திரம், பதிவுச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள்.

பழைய வாகனத்தில் வரும் சிக்கல் நிலுவை. இடம்பெயர்வுக் காலத்தில் வரி கட்டாமல் நின்ற வாகனங்கள் ஏராளம். கட்டாத ஆண்டுகளின் வரியும் தண்டமும் சேர்ந்து, வாகனத்தை இப்போது வைத்திருப்பவரின் தலையில் விழும். கடைசி வரிப்பத்திரத்தின் திகதியைப் பார்த்து, நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனிமேல் வானை நீண்ட காலம் ஓடாமல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், வரிப்பத்திரம் முடியுமுன் பிரதேச செயலகத்துக்குப் பாவனையின்மை அறிவித்தல் கொடுக்கலாம். சும்மா நிற்கிறது தானே என்று விட்டுவிட்டால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

உறவுக்குள் ஓர் எழுத்து

ஆண்டு வரி, காப்புறுதி, புகைப் பரிசோதனை, ரயர், திருத்த வேலை: இவற்றை யார் கட்டுவது? ஓடி உழைப்பதில் யாருக்கு எவ்வளவு? முதல் ஆண்டு எல்லாவற்றையும் அவரே அனுப்புவார். இரண்டாம் ஆண்டு அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போகலாம். அப்போது காசு கேட்டுத் தொலைபேசி எடுக்க உங்களுக்கும் மனம் வராது. வரிப்பத்திரம் முடிந்த வான் முற்றத்தில் நிற்கும், பேச்சும் நின்றுவிடும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்து, ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். வாகனம் உங்கள் பெயரில், காசு அவருடையது என்றால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைப்பது இன்னும் நல்லது. உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் உங்கள் பிள்ளைகளும் அவரும் முட்டுப்படாமல் இருப்பார்கள்.

ஒருநாள் அவர் விற்கச் சொல்லுவார். அப்போது விற்றவர் நீங்கள். எம்.ரீ.ஏ. 6 படிவத்தை நிரப்பி நீங்களே பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். வாங்கியவரின் கையில் வெற்றுப் படிவமாகக் கொடுத்துவிடாதீர்கள். தபால் பற்றுச்சீட்டையும், வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும், வாகனத்தை ஒப்படைத்த திகதி நேரம் எழுதிய துண்டையும் வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.