அதிர்ஷ்டக்காரப் பிள்ளை யார்? – ஓர் அமெரிக்க ராக் பாடலின் கதை

(மூன்றாமாண்டு, எலெக்ட்ரானிக்ஸ்)



ராக் பாட்டு என்றால் காது கிழியக் கத்துவது என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் ஹாஸ்டலில் 'ஃபாரஸ்ட் கம்ப்' (1994) படம் பார்த்தோம். வியட்நாம் போர்க்களத்துக்கு ஹெலிகாப்டர் பறந்து வரும் காட்சியில் ஒரு பாட்டு. முதலில் டிரம்ஸ், அடுத்து கிடார், அதன்மேல் தொண்டை கிழியும் ஒரு குரல். வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் யாரோ ஒருவன் நியாயம் கேட்கிறான் என்பது மட்டும் புரிந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பாட்டின் பெயர் 'ஃபார்ச்சுனேட் சன்'. நம் மொழியில் சொன்னால் 'அதிர்ஷ்டக்காரப் பிள்ளை'. பாடியது 'கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற கலிபோர்னியாக் குழு. எழுதியவர், பாடியவர் இருவரும் ஒருவரே, ஜான் ஃபோகர்ட்டி. வெளிவந்த ஆண்டு 1969. நீளம் இரண்டரை நிமிடம்கூட இல்லை!

அது எப்படிப்பட்ட காலம்? வியட்நாமில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்த காலம். பலர் விரும்பிப் போனவர்கள் இல்லை. 18 வயது ஆனதும் ஒவ்வொரு பையனும் கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் பதிய வேண்டும். ஓலை வந்தால் போயே ஆக வேண்டும். 1964 முதல் 1973 வரை சுமார் 22 லட்சம் பேர் இப்படி அழைக்கப்பட்டார்கள். அந்தப் போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாம் மக்களில் மாண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு.

இதில்தான் ஒரு சூட்சுமம். முழுநேரக் கல்லூரி மாணவனாக இருந்தால் படிப்பு முடியும்வரை விலக்கு உண்டு. அப்பாவுக்குச் செல்வாக்கு இருந்தால் ஆபத்தில்லாத பிரிவில் இடம் பிடிக்கலாம். பீஸ் கட்ட முடியாதவன், பள்ளியோடு வேலைக்குப் போனவன், இவர்களுக்கு என்ன வழி? நேராகப் போர்க்களம்தான்.

ஃபோகர்ட்டிக்கே 1966இல் ஓலை வந்தது. அவர் ராணுவ ரிசர்வ் படையில் சேர்ந்து, பயிற்சியும் பணியும் முடித்து 1968இல் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை முன்னாள் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பேரன் டேவிட். பெண், அடுத்த மாதம் ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்த நிக்சனின் மகள் ஜூலி. இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் எங்கே போர்முனைக்குப் போகப் போகிறார்கள் என்ற கோபத்தில் பிறந்ததுதான் பாட்டு. மெட்டைக் குழுவோடு முன்பே ஒத்திகை பார்த்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து சுமார் இருபதே நிமிடத்தில் வரிகளை எழுதி முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். (நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டேவிட் ஐசன்ஹோவர் படிப்பை முடித்தபின் கடற்படை ரிசர்வில் அதிகாரியாகப் பணியாற்றினார்.)

பாட்டின் பொருளுக்கு வருவோம். மூன்று பேரை அது காட்டுகிறது. கொடியை ஆட்டி தேசபக்தி பேசுகிறவர்கள் முதல் ஆள். செல்வத்தில் பிறந்து, வரி கேட்டு ஆள் வந்தால் ஒன்றுமே இல்லாதவர் போல் காட்டிக்கொள்பவர்கள் இரண்டாவது. 'நாட்டுக்கு இன்னும் கொடு, இன்னும் கொடு' என்று மற்றவன் பிள்ளையைக் கேட்பவர்கள் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பாடுகிறவன், 'அந்தக் கொடுத்துவைத்த பிள்ளை நான் இல்லையப்பா' என்று கத்துகிறான்.

இதை நாட்டுக்கு எதிரான பாட்டு என்றவர்கள் உண்டு. அது தவறு. சிப்பாயை அது ஒரு வார்த்தை திட்டவில்லை. பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறீர்கள் என்றுதான் கேட்கிறது. நேர்மாறாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. ஒரு ஜீன்ஸ் கம்பெனி, கொடி வரும் ஆரம்ப வரிகளை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரம் செய்தது. பாட்டின் உரிமை அப்போது ஃபோகர்ட்டி கையில் இல்லை. அவர் கோபப்பட்டார். 2023இல்தான் தன் பாடல்களின் பெரும்பங்கு உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பாட்டு வந்த சில வாரங்களில், 1969 டிசம்பர் 1 அன்று, அரசாங்கம் 'எல்லோருக்கும் சமம்' என்று குலுக்கல் வைத்தது. 366 பிறந்த தேதிகளை நீலக் குப்பிகளில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. ஆனால் குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை. வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் முன்னால் வந்தார்கள் என்று கணக்கு வல்லுநர்கள் காட்டினார்கள். 1970இல் முறையை மாற்றினார்கள். நிகழ்தகவு எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் நண்பர்கள் இதை யோசிக்கவும். மாணவர் விலக்கு அந்தக் குலுக்கலுக்குப் பிறகும் இருந்தது. 1971இல்தான் புதிதாக யாருக்கும் கிடையாது என்றானது. 1973இல் கட்டாய அழைப்பே நின்றது.

இனி என் கதை. அப்பா லோடுமேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான். இந்தப் பாட்டு எனக்காகவே எழுதியது என்று நினைத்து, லீவுக்குப் போனபோது வீட்டில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த அக்கா கேட்டாள்.

"என்னடா கத்துற? என்ன அர்த்தம்?"

சொன்னேன். காலேஜில் இருந்தவனுக்கு விலக்கு என்ற இடம் வந்ததும், "அப்போ நீ தப்பிச்சிருப்ப" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பில் அக்கா வாங்கிய மார்க் என்னைவிட 41 அதிகம். இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று பேச்சு வந்தபோது, குலுக்கல்கூடப் போடவில்லை. அவள் மில்லுக்குப் போனாள், என் பெயரில் டிப்ளமோ அப்ளிகேஷன் வாங்கினார்கள். என் செமஸ்டர் பீஸ் அவள் சம்பளம். 'அது நான் இல்லை' என்று மூன்று வருடமாகப் பாடியிருக்க வேண்டியவள் அவள். நான்தான் அந்த அதிர்ஷ்டக்காரப் பிள்ளை!

நண்பர்களே, பெரிய வீட்டுப் பிள்ளைகளைக் கைகாட்டிப் பாடுவது எளிது. நம் வீட்டில் நமக்காக நின்றுபோன படிப்பு யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தபால் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுத அக்காவுக்குப் பாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 'ஷிப்ட்டை வெச்சுக்கிட்டு எப்படிடா?' என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லித்தர நான் இருக்கிறேன் என்றிருக்கிறேன். பார்ப்போம்.