நாள்பட்ட பெட்ரோலும் வள்ளத்து எஞ்சினும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

பால் புளித்தால் தயிராகும். அதற்கும் ஒரு பயன் உண்டு. பெட்ரோல் புளித்தால் எஞ்சினுக்கு ஆகாது. கீழே கொட்டினால் மண்ணுக்கும் ஆகாது. ஆயினும் புளித்த பாலை ஒரு முறை முகர்ந்து பார்க்கும் நாம், நாள்பட்ட பெட்ரோலைப் பார்க்காமலேயே பயன்படுத்தி விடுகிறோம்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது கடல் சீறி நிற்கும். அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்களுக்கு அத்தடை இல்லை. ஆனால் அலை விடுவதில்லை. வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாட்களில் டாங்கில் மிஞ்சிய பெட்ரோலும் அதனுடன் கிடக்கிறது. கடல் தணிந்ததும் அதே பெட்ரோலில் எஞ்சினை முடுக்கினால், கரையில் ஓடிய எஞ்சின் அலைவாயில் நின்று விடக்கூடும். அங்கே எஞ்சின் நின்ற வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். எனவே இது சில லிட்டர் எண்ணெயின் விலையைப் பற்றிய செய்தியன்று. உயிரைப் பற்றிய செய்தி. அக்கரையில் பிறந்து வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனை விளக்க முற்படுகிறேன்.

கெடும் வழிகள் மூன்று

நம் வள்ளங்களின் பின்புறம் மாட்டப்படும் எஞ்சின்களுள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவற்றையும் பெட்ரோலில்தான் முடுக்க வேண்டும். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற இயலும். இதனால் பெட்ரோல் சிறிது சிறிதாகவே செலவாகிறது. கெடுவதற்கு நிறையக் காலம் கிடைக்கிறது.

பெட்ரோல் தனிப்பொருள் அன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அது மூன்று வழிகளில் கெடுகிறது.

முதலாவது, ஆவியாதல். பியூட்டேன் பூஜ்யம் செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பது. பென்டேன் 36 செல்சியசில் கொதிப்பது. குளிர்ந்த எஞ்சின் முதல் இழுப்பிலேயே பற்றிக்கொள்ள உதவுபவை இத்தகைய இலேசான பொருள்களே. மூடி சரியாக இறுகாத டாங்கிலிருந்து இவையே முதலில் வெளியேறுகின்றன. எஞ்சியது எரியும், ஆனால் எளிதில் பற்றாது.

இரண்டாவது, ஆக்சிஜனேற்றம். பெட்ரோலில் உள்ள இரட்டைப் பிணைப்புச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பெராக்சைடுகளாகி, பிறகு ஒன்றோடொன்று இணைந்து பிசினாகின்றன. வெப்பமும், செம்பு போன்ற உலோகங்களும் இதனை விரைவுபடுத்தும். இதைத் தடுக்கும் பொருள்களைச் சுத்திகரிப்பு ஆலையில் சேர்க்கின்றனர். 100 செல்சியசில், அழுத்தமான ஆக்சிஜனில் 360 நிமிடங்களேனும் பெட்ரோல் மாறாது நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 2796 விதிக்கும் சோதனை. ஆனால் அத்தடைப் பொருள்கள் நாளடைவில் செலவாகி விடும். அதன்பின் உண்டாகும் பிசின், கார்புரேட்டரிலுள்ள ஊசிமுனைத் துளைகளை அடைத்து விடுகிறது.

மூன்றாவது, நீர் சேர்தல். கடற்கரையில் இதுவே கொடியது. மழைநீரும் அலைத் தெறிப்பும் தேய்ந்துபோன மூடி வளையத்தின் வழியே இறங்கும். காற்றின் ஈரமும் இரவுக் குளிரில் டாங்கின் உட்சுவரில் துளிர்க்கும்.

பழைய முறை ஏன் போதாது?

நீர் புகுந்த பெட்ரோலை அசையாமல் வைத்து, மேலே நிற்பதை மட்டும் துணியில் வடிகட்டி எடுப்பது நம் பெரியவர்களின் வழக்கம். அக்காலப் பெட்ரோலுக்கு அது அறிவார்ந்த முறையே. ஹைட்ரோகார்பனில் நீர் கரைவது மிகமிகக் குறைவு. அடியில் தங்குவது வெறும் நீர், மேலே நிற்பது பழுதற்ற பெட்ரோல்.

இன்று பம்பில் கிடைப்பது அந்தப் பெட்ரோல் அன்று. இந்தியாவில் 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022இல் அது 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் பெட்ரோலோடும் கலக்கும், நீரோடும் கலக்கும். ஆனால் அதன் நாட்டம் நீரின் பக்கமே மிகுதி.

எனவே முதலில் புகும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து விடுகிறது. 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல் 15 செல்சியசில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீரைத் தாங்கும். அதாவது 10 லிட்டரில் 50 மில்லிலிட்டர். எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும்; வெப்பம் தணிந்தால் குறையும். எல்லை கடந்ததும் நீர், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனி அடுக்காக அடியில் இறங்குகிறது. பகலில் தெளிவாக இருந்தது மழையிரவில் இரண்டாகப் பிரியலாம்.

இப்போது மேலடுக்கு எத்தனாலை இழந்தது. அதன் ஆக்டேன் எண் குறைந்து எஞ்சினில் தட்டல் தோன்றலாம். கீழடுக்கோ நீரும் சாராயமும். எண்ணெய் கலந்து ஓட்டும் இருவீச்சு எஞ்சினில் அந்த எண்ணெய் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தங்கிவிடும். டாங்கின் உறிஞ்சுகுழாயோ அடியில் நிற்கிறது. கீழடுக்கை உறிஞ்சும் எஞ்சின் நின்றுபோகும். சிறிது ஓடினாலும் மசகின்றி ஓடும். ஆகவே வடிகட்டும் துணி இன்று நம்மைக் காப்பதில்லை.

கண்ணாடிப் புட்டியின் தீர்ப்பு

நோய் எதுவென அறிந்தே மருந்து கொடுக்க வேண்டும். டாங்கைக் குலுக்காமல், அதன் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்துக. அன்று வாங்கிய பெட்ரோலை மற்றொரு புட்டியில் அருகே வைத்து ஒப்பிடுக.

ஒரே அடுக்காய்த் தெளிவாக இருந்து, நிறமும் மணமும் ஒத்திருந்தால், ஆவியானதே குறை. ஒரு பங்குக்கு நான்கு பங்கு புதுப் பெட்ரோல் கலந்து, எண்ணெய் அளவையும் சரிசெய்து, கரையிலேயே ஓட்டித் தீர்த்துவிடலாம்.

நிறம் கறுத்து, வார்னிஷ் போன்ற புளித்த வாடை வீசினால் பிசின் உண்டாகி விட்டது என்க. கலங்கியிருந்தாலோ, அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ நீர் பிரிந்து விட்டது. இவ்விரண்டையும் எஞ்சினுக்குக் கொடுத்தல் ஆகாது. எந்தப் புட்டி மருந்தும் இவற்றை மீட்காது. கடையில் விற்கும் நிலைப்படுத்திகள் புதுப் பெட்ரோலைக் காப்பவையேயன்றிக் கெட்டதைத் திருத்துபவை அல்ல.

நம் ஆய்வகத்திலும் இதைக் காணலாம். 100 மி.லி. அளவுசாடியில் 10 மி.லி. நீரும் 90 மி.லி. புதுப் பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால், எத்தனால் 20 விழுக்காடு இருக்குமாயின் கீழடுக்கு 28 மி.லி. அளவை நெருங்கும். பிரிந்த பெட்ரோலின் மேலடுக்கை மட்டும் எடுத்து இவ்வாறு செய்தால் உயர்வு மிகக் குறையும். போன எத்தனால் எங்கே போயிற்று என்பது அப்போது விளங்கும். சோதனையின்போது பன்சன் விளக்கு எதுவும் எரிதல் கூடாது.

வெளியேற்றும் முறை

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. வள்ளத்தின் அடிப்பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். எனவே பகலில், திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் செய்க. பீடியும் அடுப்பும் அருகில் ஆகா. கையால் இயக்கும் பம்பைக் கொண்டு, தரையில் வைத்த உலோகக் கலத்தில் இறக்குக.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை நாம் அறவே விட வேண்டும். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி உண்டாகும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பிறகு எண்ணெய் வடிகட்டியை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகைத் திறந்து வடிய விடுக. எத்தனாலால் உப்பிய அல்லது வெடித்த ரப்பர்க் குழாய்களையும் மாற்றுக. கெட்டதைக் கடலிலோ மணலிலோ கொட்டுதல் நம் கிணற்றில் நாமே நஞ்சிடுவதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, இத்தகைய கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும். ஒருவர் தனித்து அலைவதைவிட, ஊரார் சேர்ந்து மூடியுள்ள கலங்களில் திரட்டி ஒப்படைப்பது எளிது.

வருமுன் காத்தல்

தூக்கிச் செல்லும் டாங்காயின், எண்ணெய் கலக்காத மிச்சத்தைப் புதிதாக இருக்கும்போதே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றித் தீர்த்துவிட்டு, டாங்கை உலர்த்தி மூடுவதே சிறந்தது. எண்ணெய் கலந்ததாயின் கடைசி நாட்களில் ஓட்டியே தீர்க்க வேண்டும். நிலையாகப் பொருத்திய டாங்காயின், ஈரக்காற்றுக்கு இடமின்றிப் பெரும்பகுதி நிரப்பி வைக்கலாம். ஆனால் விளிம்புவரை நிரப்புதல் தவறு. 20 லிட்டர் பெட்ரோல் 20 செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.4 லிட்டர் விரியும். மூடி வளையத்தை ஆண்டுதோறும் மாற்றுக. அதன் விலை சிறிது. வாங்கிய நாளை டாங்கின் மேல் எழுதி வைப்பதற்கோ விலையே இல்லை.

முடிவுரை

பெரியவர்கள் கற்றுத்தந்த முறை அவர்கள் காலத்துப் பெட்ரோலுக்குச் சரியாகவே இருந்தது. பொருள் மாறியதால் முறையும் மாற வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தைப் பம்பில் ஊற்றுபவர் நமக்குச் சொல்வதில்லை. பாடநூலில் 'கரைதிறன்' என்று நாம் படித்துத் தேர்வெழுதி மறக்கும் சொல், கரையிலுள்ள நம் தந்தையரின் டாங்கில் ஒவ்வோர் இரவும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் கடற்கரை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து அவர்களுக்கு இதைக் காட்டலாம். கற்ற வேதியியலுக்கு அதைவிட நல்ல செய்முறைத் தேர்வு வேறில்லை.