கைக்குத் தெரிந்ததை வாயும் சொல்ல வேண்டும்

இந்த முறை தொழில் பாடத்தில் சாயம் அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்த கையோடு மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ கூப்பிட, ரோலரைப் பிடித்தவர்கள். ஆறேழு வருஷத்தில் வேலை சுத்தமாக வந்துவிடும். சம்பளம் மட்டும் அப்போதும் நாள் கூலிதான். "அண்ணே, நானே சொந்தமா எடுத்துச் செய்யணும். லைசன்ஸ் பரீட்சை எங்க எழுதுறது?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மலேசியாவில் அப்படி ஒரே பரீட்சை கிடையாது. யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாய வேலைக்கென்றே சி-33 என்று ஒரு லைசன்ஸ் இருக்கிறது. நான்கு வருட அனுபவத்தைக் காட்டி, சட்டத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரண்டு பரீட்சை எழுத வேண்டும். நம் நாட்டில் அதே விஷயம் துண்டு துண்டாக இருக்கிறது. பாதுகாப்புக்கு ஒரு அட்டை, கைத்திறனுக்கு ஒரு சான்றிதழ், கம்பெனிக்கு ஒரு பதிவு. மூன்றும் மூன்று இடத்தில். அதனால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்பு அட்டையை நாம் கிரீன் கார்டு என்கிறோம். சி.ஐ.டி.பி. கொடுப்பது. ஒரு நாள் வகுப்பு, அதிலேயே ஒரு சிறு தேர்வு. கட்டுமான இடத்துக்குள் நுழையவே இது வேண்டும். கேள்விகள் கஷ்டமில்லை, ஆனால் ஏணி பற்றி மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். ஏணி சாயும் உயரம் நான்கு மீட்டர் என்றால் அதன் அடி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏறும்போது இரு கால் ஒரு கை, அல்லது இரு கை ஒரு கால், எப்போதும் மூன்று பிடி. இரண்டு மீட்டருக்கு மேல் போனால் விழாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாள் சாயத் தோம்பு மேல் பலகை போட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்ல!

அடுத்தது கைத்திறன் சான்றிதழ். பலர் பயப்படுவது இங்கேதான். திறன் மேம்பாட்டு இலாகாவான ஜே.பி.கே. வழங்கும் எஸ்.கே.எம். சான்றிதழ் 2006-ஆம் ஆண்டின் 652-ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் டிப்ளோமா இரண்டு நிலை. அதைப் பெறக் கல்லூரியில்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. பயிற்சி நிலையம் ஒரு வழி. வேலை செய்துகொண்டே படிக்கும் எஸ்.எல்.டி.என். இன்னொரு வழி. மூன்றாவது பி.பி.தி. ஏற்கெனவே செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி அங்கீகாரம் வாங்குவது. ஆறு வருஷம் ரோலர் பிடித்த பிள்ளைக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

பி.பி.தி.யில் உங்கள் தொழிலுக்கென்று நோஸ் என்ற தர ஏடு ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் திரட்டிக் கோப்பாக வைக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் உங்களை உட்கார வைத்துக் கேட்பார், செய்து காட்டவும் சொல்வார். வேலை தெரிந்தவன் ஏன் இங்கே திணறுகிறான்? ஆதாரம் இல்லை. ஐம்பது வீடு அடித்திருப்பான், கைப்பேசியில் ஐந்து படம் இருக்காது. இருக்கிற படத்திலும் முடிந்த சுவருக்கு முன்னால் அவனே போஸ் கொடுத்துக்கொண்டு நிற்பான். மதிப்பீட்டாளருக்கு அது வேண்டாம். அடிப்பதற்கு முன் சுவர் எப்படி இருந்தது, பழைய சாயத்தைச் சுரண்டியது, பட்டி போட்டது, மணல் தாளால் தேய்த்தது, சீலர், முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு. இப்படி ஒரே சுவரை ஏழெட்டு கட்டமாக, தேதியோடு எடுத்த படம்தான் பேசும். கூடவே சாமான் வாங்கிய ரசீது, வேலை கொடுத்தவரின் கடிதம்.

இங்கே நம் இளைஞர் இயக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கும்பாபிஷேகத்துக்கு முன் கோயில் மதில், மண்டபம், மடப்பள்ளி எல்லாம் அடிக்க முதலில் போய் நிற்பது நீங்கள்தான். கோபுரத்துச் சுதை வேலையும் பஞ்சவர்ணமும் சிற்பிகள் கை வேலை, அதை விட்டுவிடுங்கள். மதிலும் மண்டபமும் உங்கள் அனுபவம். அப்பர் சுவாமிகள் உழவாரத்தைக் கையில் பிடித்துக் கோயில் பிராகாரம் சுத்தம் செய்த வழியில் வருவது இந்தத் தொண்டு. அதற்குக் கூலி கேட்க மாட்டோம், சரி. ஆனால் எத்தனை நாள், எந்தப் பகுதி, என்ன வேலை என்று ஆலய நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

இனி கேள்வி பதில். மதிப்பீட்டாளர் "எப்படிச் செய்வாய்" என்று கேட்பதை விட "ஏன் அப்படிச் செய்கிறாய்" என்று அதிகம் கேட்பார். "தௌக்கே அப்படித்தான் சொன்னாரு" என்பது பதில் ஆகாது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

புதுச் சிமெண்டுச் சுவரில் உடனே சாயம் அடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன்? சிமெண்டில் காரம் இருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கும்வரை அந்தக் காரம் தண்ணீரோடு மேலே வந்துகொண்டே இருக்கும். எண்ணெய்ச் சாயம் அடித்தால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரமாக மாறும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சவர்க்காரம் காய்ச்சுகிற வேதியியல் இதுதான். சாயம் பிசுபிசுத்துக் கழன்று வரும். தண்ணீர்ச் சாயம் அடித்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். அதனால்தான் 28 நாள் காயவிடுகிறோம். ஈரமானியில் ஆறு விழுக்காட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்க்கிறோம். அதன் பிறகு காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு பூச்சு. இப்படிக் காரணத்தோடு சொல்லிப் பழகினால் பத்துக் கேள்விக்கு எட்டுக்குப் பதில் தானாக வரும். வீட்டுக்காரர் "சீலர் எதுக்கு தம்பி, காச மிச்சம் பண்ணலாமே" என்று கேட்கும்போதும் இதே பதில்தான் உங்கள் கொட்டேஷனைக் காப்பாற்றும்.

இரண்டாவது, கணக்கு. பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஒரு அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சுற்றளவு 14. உயரத்தால் பெருக்கினால் 42 சதுர மீட்டர். கதவு 0.9க்கு 2.1, ஜன்னல் 1.2க்கு 1.2. இரண்டையும் கழித்தால் சுமார் 38.7. இரண்டு பூச்சுக்கு 77.4 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும் என்றால் 7.74 லிட்டர். சேதாரம் பத்து விழுக்காடு சேர்த்தால் எட்டரை. ஐந்து லிட்டர் டின் இரண்டு வாங்க வேண்டும். சீலர் ஒரு பூச்சுக்குத் தனியாக ஒரு டின்.

அந்த 10 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்? சாயத்தின் தரவுத்தாளில் திடப்பொருள் எத்தனை விழுக்காடு என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, காய்ந்த பூச்சு எத்தனை மைக்ரோன் கனம் வேண்டுமோ அதால் வகுத்தால் போதும். 40 விழுக்காடு, 40 மைக்ரோன் என்றால் 10. மலிவுச் சாயத்தில் திடப்பொருள் குறைவு, தண்ணீர் அதிகம். ஒரு பூச்சு போதாமல் மூன்று அடித்துவிட்டு 'விலை குறைந்த டின்தானே' என்று நினைப்பது நஷ்டக் கணக்கு. அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி இரண்டு பூச்சு என்று கணக்குக் காட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான். அதற்கு வேறு பெயர் இருக்கிறது, இங்கே எழுத வேண்டாம்.

இன்னொரு பொறி சதுர அடி. வீட்டுக்காரர் "என் வீடு ஆயிரம் சதுர அடி" என்பார். அது தரையின் அளவு. மேலே சொன்ன அறையின் தரை 12 சதுர மீட்டர், அதாவது 129 சதுர அடிதான். சுவரோ 417 சதுர அடி. தரையை வைத்து விலை சொன்னால் கைக்காசு போய்விடும். நேரில் போய் டேப் பிடித்து அளக்காமல் விலை சொல்லவே சொல்லாதீர்கள்.

கம்பெனிப் பதிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே செய்யலாம். பிறகு அந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. அதன் பிறகுதான் சி.ஐ.டி.பி. குத்தகையாளர் பதிவு. ஜி1 முதல் ஜி7 வரை படிகள். எடுக்கக்கூடிய வேலையின் மதிப்புக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு வரம்பு, ஜி7க்கு மட்டும் வரம்பில்லை. நாம் தொடங்குவது ஜி1. அதற்கு 5,000 வெள்ளி மூலதனம் காட்ட வேண்டும். பதியாமல் குத்தகை எடுத்தால் 520-ஆம் சட்டப்படி 10,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். "சின்ன வேலைதானே" என்று சொல்கிறவர்களுக்காக இந்தத் தொகையைக் குறிப்பிடுகிறேன். அரசாங்க வேலைக்கு எஸ்.பி.கே.கே. சான்றிதழ் தனியாக வேண்டும். அதை இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பணம். நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பெரிய குத்தகையாளரிடம் சப்-கோன் வேலை எடுப்பார்கள். வாய்ப்பேச்சு, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம். வேலை முடிந்ததும் "மேல இருந்து காசு வரல தம்பி, வந்ததும் தர்றேன்" என்பார். மாதம் போகும், தீபாவளியும் போகும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம், சுருக்கமாக சீப்பா. 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. அதன் 35-ஆம் பிரிவின்படி, 'எனக்கு வந்தால்தான் உனக்கு' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. நீங்கள் எழுத்தில் பணக் கோரிக்கை கொடுத்தால், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் நீதிமன்ற வழக்கை விட வேகமான தீர்ப்பளிப்புக்குப் போகலாம். ஆனால் அடிப்படை நிபந்தனை ஒன்று உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் பேசிய வேலைக்கு இந்தக் கதவு திறக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு மாடிக்குக் குறைந்த, தான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு தனிநபர் கொடுக்கும் வேலையை இந்தச் சட்டம் தொடாது. தாமான் வீடுகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். அங்கே நம் பாதுகாப்பு நம் கொட்டேஷன்தான். எந்தச் சுவர், எத்தனை பூச்சு, எந்தச் சாயம், எந்த நிற எண், விரிசல் அடைப்பது சேர்ந்ததா இல்லையா, எல்லாம் எழுதுங்கள். முன்பணம், பட்டியும் சீலரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் பூச்சுக்குப் பிறகு ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மிச்சம். சாமான் காசு உங்கள் பையிலிருந்து போகக் கூடாது. பாதியில் "அந்தக் கேட்டையும் அடிச்சிரு தம்பி" என்றால் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார் என்பதை மறக்க வேண்டாம். வேலை மோசம் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை உங்கள் மேல் கோரலாம். அங்கேயும் தேதி போட்ட படங்கள்தான் உங்கள் பக்கம் பேசும்.

ஆயுத பூஜையில் பிரஷுக்கும் ஏணிக்கும் பொட்டு வைக்கிறோம். கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் வைப்பது நம் பழைய வழக்கம். அந்தப் புத்தகத்தில் வரவு செலவு எழுதுங்கள், ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருங்கள். வருமான வரி அலுவலகம் கேட்கும் காலம் அது. சொந்தத் தொழில்காரர்களுக்கு பி பாரம், ஜூன் 30க்குள். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் அவருக்குப் பெர்க்கேசோவும் இ.பி.எப்.பும் கட்ட வேண்டும். நீங்கள் தனி ஆளாக ஏணியில் ஏறுகிறவர் என்றால், சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டு பெர்க்கேசோ திட்டத்தில் உங்களையே பதிந்துகொள்ளுங்கள். முதல் வேலைக்கு முன்பே செய்ய வேண்டியது இது.

மூலதனம் போதாவிட்டால் தெக்குன் நேஷனலில் நம் சமூகத்துக்கென்று ஸ்பூமி கடன் இருக்கிறது. விண்ணப்பத்தோடு எஸ்.எஸ்.எம். பதிவும் வங்கிக் கணக்கு அறிக்கையும் வேலைப் படங்களும் கொண்டு போங்கள். கிடைத்த காசில் லோரிக்கு முன்பணம் கட்ட ஓடாதீர்கள். நல்ல ஏணி இரண்டு, மடக்குச் சாரம் ஒன்று, ஈரமானி ஒன்று, மூன்று மாதச் சாமான் காசு. ஏறக்குறைய அவ்வளவுதான் தொடக்கத்துக்கு. லோரியை அந்தந்த நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.