பர்னருக்குப் புளி போதும்

கேள்வி: எங்கள் கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. வீட்டில் இருப்பதை வைத்தே சுத்தம் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும் துளைகளை அடைத்தால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது. மஞ்சள் தீயும் கரியும் அதனால்தான்.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றுங்கள். பித்தளை என்றால் குத்துவிளக்குக்குச் செய்வதேதான்: புளியும் உப்பும் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் கொட்டி நுரை பார்ப்பவர்கள் உண்டு. ஒன்றின் காரத்தை மற்றொன்றின் புளிப்பு முறித்துவிடும், நுரைதான் மிச்சம். அலுமினிய பர்னரைப் புளியிலோ சோடாவிலோ ஊறப்போட வேண்டாம், கறுத்துவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீருமே போதும்.

துளைகளை ஒவ்வொன்றாக ஊக்கு முனையால் குத்தி எடுங்கள். தீக்குச்சி, பல் குச்சி கூடாது. உள்ளே முறிந்தால் இரட்டை வேலை. பிறகு நன்றாக உதறி, கவிழ்த்து வைத்து வெயிலில் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பற்றவைக்கும்போது படபடவென்று வெடிக்கும்.

பர்னருக்கு அடியில் இருக்கும் ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் அதிகம் வரும். இவ்வளவுக்குப் பிறகும் தீ நீலமாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்படியே டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.