எடை குறைக்கும் மருந்துகளை இணைத்துக் கொடுத்தல்

உடற்பருமனைக் குறைப்பதற்கென மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டினை ஒரே சமயத்தில் உட்கொள்ளலாமா என்னும் கேள்வி நம் நாட்டிலும் எழுந்துள்ளது. விடை கூறுமுன், இணைக்கும் எண்ணம் ஏன் தோன்றிற்று என்பதை அறிதல் வேண்டும். உணவைக் குறைத்து ஒருவர் மெலியத் தொடங்கியதும், இழந்த எடையை மீட்கும் பொருட்டு உடல் பசியை மிகுவிக்கின்றது. சக்திச் செலவையும் சுருக்குகின்றது. பசியைத் தூண்டும் வழிகள் பலவாக இருத்தலின், ஒரு மருந்தினால் ஒரு வழியை அடைப்பது போதுவதில்லை. அம்மருந்தின் அளவையே உயர்த்தினாலோ பக்க விளைவுகள் பெருகும். ஆகவே, வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் இரு மருந்துகளைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால் பயன் கூடும், தீங்கு குறையும் என்று கருதப்பட்டது. இக்கருத்தில் பிழையில்லை, ஆயினும் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு.

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டுகள் முதல் 1960ஆம் ஆண்டுகள் வரை ‘வானவில் மாத்திரைகள்’ எனப்பட்ட பல நிற மாத்திரைகள் தாராளமாக வழங்கப்பட்டன. ஆம்பிடமைன், தைராய்டுச் சத்து, சிறுநீர் பெருக்கி, பேதி மருந்து, டிஜிடாலிஸ் முதலியவை அவற்றில் இருந்தன. பேதியும் சிறுநீரும் மிகுந்தால் உடலிலுள்ள பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்த நிலையில் டிஜிடாலிஸ் இருதயத்திற்கு நஞ்சாகும். மரணங்கள் நேர்ந்த பின்னரே, 1968இல், அந்நாட்டுச் செனட் சபை இதனை விசாரித்தது.

இதனினும் அறிவுறுத்துவது பின்னர் வந்த நிகழ்ச்சி. பென்டெர்மைன் என்னும் மருந்து 1959இலும், பென்ப்ளூரமைன் என்பது 1973இலும் அமெரிக்காவில் தனித்தனியே அனுமதி பெற்றன. இரண்டும் குறுகிய கால உபயோகத்திற்கே உரியவை. முன்னது உடலைக் கிளர்த்தும். பின்னது செரடோனின் வழியாகச் செயற்பட்டுச் சோர்வூட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும் என்று கருதிய ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து மைக்கேல் வைன்ட்ராப், 121 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியை 1992இல் வெளியிட்டார். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உண்டு. 34 வாரங்களின் முடிவில், இரு மருந்துகளையும் உண்டோர் தம் எடையில் சராசரி 15.9 சதவிகிதத்தை இழந்தனர். வெற்று மாத்திரை உண்டோர் இழந்தது 4.9 சதவிகிதமே. பயன் உண்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவ்விணைப்புக்கு அனுமதி என்றுமே வழங்கப்படவில்லை. தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டினை மருத்துவர்கள் தம் பொறுப்பில் சேர்த்தெழுதினர். 1996ஆம் ஆண்டில் மட்டும் இம்மருந்துகளுக்கான சீட்டுகள் 1 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டின. மறு ஆண்டு ஆகஸ்டில் மேயோ மருத்துவ நிலையத்தினர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இணைப்பை உண்ட 24 பெண்களின் இருதய வால்வுகள் தடித்து, இரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. அவர்களுடைய சராசரி வயது 44. எண்மருக்கு நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் அழுத்தம் உயர்ந்திருந்தது; ஐவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. 1997 செப்டம்பர் 15 அன்று பென்ப்ளூரமைனும் அதன் இனமான டெக்ஸ்பென்ப்ளூரமைனும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

பென்டெர்மைன் திரும்பப் பெறப்படவில்லை என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். பென்ப்ளூரமைன் உடலில் மாறுபாடடைந்து உண்டாகும் பொருள், வால்வுகளின் மீதுள்ள ஒருவகைச் செரடோனின் ஏற்பிகளைத் தூண்டி அங்குள்ள உயிரணுக்களைப் பெருகச் செய்கின்றது. எனவே குற்றம் ஒன்றினுடையதே எனலாம். எனினும், தனியே கொடுத்தால் சோர்வினால் பலர் விட்டுவிடக் கூடிய மருந்தை மாதக்கணக்கில் பலரும் உண்ணச் செய்தது இணைப்பேயாகும். எடை குறைவதைத் தராசு காட்டிற்று. வால்வு தடிப்பதை அது எங்ஙனம் காட்டும்? அதே பென்ப்ளூரமைன் 2020இல், குழந்தைப் பருவத்தில் தோன்றும் ஒரு கடுமையான வலிப்பு நோய்க்கென மீண்டும் அனுமதி பெற்றது; இம்முறை, தொடங்குமுன்னரும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் நிறுத்திய பின்னரும் இருதயத்தை ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்தல் கட்டாயமாக்கப்பட்டது.

இணைப்பையே ஒரு மருந்தாகக் கொண்டு பரிசோதித்து அனுமதித்தல் பின்னரே அந்நாட்டில் வந்தது. பென்டெர்மைனுடன் டோபிரமேட் என்னும் வலிப்பு மருந்தைச் சேர்த்த மாத்திரை 2012இல் அனுமதி பெற்றது. 56 வாரப் பரிசோதனை ஒன்றில் உயர்ந்த அளவை உண்டோர் சராசரி 10.2 கிலோகிராம் குறைந்தனர். வெற்று மாத்திரையினர் 1.4 கிலோகிராம். டோபிரமேட் கருவிலுள்ள குழந்தைக்கு உதட்டுப் பிளவை உண்டாக்கக் கூடுமாதலால், கருத்தரிக்கக் கூடிய பெண்கள் தொடங்குமுன்னும் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய மருந்து அதிகாரக் குழுவோ, இருதயத்தின் மீது நீண்ட காலத்தில் நேரக்கூடிய விளைவுகளைக் கருதி இதற்கு அனுமதி மறுத்தது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நால்ட்ரெக்ஸோன்–பூப்ரோபியோன் இணைப்பு, வலிப்பு நோயுள்ளோர்க்கும் கட்டுப்படாத இரத்த அழுத்தமுள்ளோர்க்கும் அபின் இன மருந்து உண்போர்க்கும் ஆகாது.

இனி நம் நாட்டு நிலை. 2025இல் இங்கு விற்பனைக்கு வந்த டிர்ஸெபடைட் ஊசி, குடலிலிருந்து சுரக்கும் இருவகை ஹார்மோன்களின் வேலையை ஒரே மூலக்கூறினால் செய்கின்றது. செமாக்ளூடைட் அவ்விரண்டில் ஒன்றின் வேலையைச் செய்வது. ஆதலின் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொள்வது தகாது. களப் பணியாளர் அடிக்கடி எதிர்ப்படக்கூடிய இணைப்பு வேறு: நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் இவ்வூசியையும் போட்டுக் கொண்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மெலிவதற்கெனத் தைராக்ஸின் உண்பதும் தவறு; பசியடக்கும் மருந்துடன் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

‘மூலிகை’ என்று விற்கப்படும் மெலிவு மாத்திரைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை மிகுவித்ததால் பல நாடுகளில் 2010இல் விலக்கப்பட்டு, நம் நாட்டில் 2011இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமைன், இத்தகைய பொருள்களில் மறைவாகக் கலந்திருந்தது வெளிநாடுகளில் பன்முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஆதலால் ‘என்ன மருந்து உண்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளாமல், பொடி, கஷாயம், ஊசி, கடையில் தாமே வாங்கியவை யாவற்றையும் தனித்தனியே கேட்டறிந்து, அவற்றின் உறைகளுடன் மருத்துவரிடம் செல்லுமாறு கூறுக. மருத்துவர் எழுதிக் கொடுத்தவற்றைத் தாமாகவே நிறுத்தும்படி மட்டும் சொல்லலாகாது. டோபிரமேட் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.